நாள்காட்டியைக் கணினி சொல்லும். விடுமுறையை யார் சொல்வது?

கேமரன் மலையில் திரிங்காப் பக்கம் வசிக்கும் ஒரு மாணவராக உங்களை நினைத்துக்கொள்ளுங்கள். 2024ஆம் ஆண்டு தைப்பூசம் ஜனவரி 25, வியாழக்கிழமை வந்தது. ஈப்போவில் இருக்கும் உங்கள் மாமா வீட்டுப் பிள்ளைகளுக்கு அன்று பொது விடுமுறை. உங்களுக்கு இல்லை. பேரா மாநிலத்தில் தைப்பூசம் பொது விடுமுறை. பகாங் மாநிலத்தில் அப்படி இல்லை. கேமரன் மலை பகாங்கைச் சேர்ந்தது. ஆனால் தாப்பா வழியாக இறங்கினாலும், சிம்பாங் பூலாய் வழியாக இறங்கினாலும் நீங்கள் போய்ச் சேர்வது பேராவில்தான்.

எதிர்ப்பக்கம் போய்ப் பாருங்கள். கம்போங் ராஜாவைத் தாண்டி குவா மூசாங் செல்லும் சாலையில் போனால் கிளந்தானின் லோஜிங் வரும். அங்கே வார விடுமுறையே வேறு. வெள்ளியும் சனியும் பள்ளி இல்லை. ஞாயிற்றுக்கிழமை பள்ளி உண்டு.

ஒரே மலைத்தொடரில் மூன்று மாநிலங்கள், மூன்று விதமான விடுமுறைகள். இதையெல்லாம் ஒரு கணினிக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது? இந்தக் கேள்விக்கு விடை தேட, 50 ஆண்டுகளுக்கும் மேலாகப் புழக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன மென்பொருளை இந்த வாரம் கையில் எடுத்துக்கொள்வோம்.

மூன்று எழுத்து போதும்

கணினியில் படங்களைச் சொடுக்கி வேலை செய்வது நமக்குப் பழக்கம். படங்கள் வருவதற்கு முன்பு, கட்டளையை எழுத்தாகத் தட்டி, 'என்டர்' விசையை அழுத்துவதுதான் வழக்கம். அதைக் 'கட்டளை வரி' என்கிறோம். இன்றும் லினக்ஸ், மேக் கணினிகளில் 'டெர்மினல்' என்ற செயலியைத் திறந்தால் அது காத்திருக்கும்.

அங்கே சி, ஏ, எல் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைச் சிறிய எழுத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். இந்த மாத நாள்காட்டி கண்முன்னே வந்து நிற்கும். இணையம் வேண்டாம், விளம்பரம் வராது. இந்தக் 'கேல்' கருவி 1971இல் எழுதப்பட்ட முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே இடம்பெற்றது. மேக் கணினியில் இது முன்பே இருக்கும். உபுண்டு போன்ற லினக்ஸில் இல்லாவிட்டால் 'என்கேல்' என்ற பொதியை நிறுவினால் போதும். விண்டோஸ் கணினி வைத்திருப்பவர்கள், அதற்குள்ளேயே லினக்ஸை இயக்கும் வசதியை நிறுவிக்கொண்டு இதைப் பயன்படுத்தலாம்.

இப்போது மூன்று எழுத்துக்குப் பின் ஓர் இடம் விட்டு 8, மறுபடி ஓர் இடம் விட்டு 1957 என்று தட்டுங்கள். 1957 ஆகஸ்ட் மாதம் தோன்றும். நாடு சுதந்திரம் பெற்ற 31ஆம் தேதி என்ன கிழமை என்று பாருங்கள்: சனிக்கிழமை. உங்கள் பாட்டி பிறந்த மாதத்தையும் ஆண்டையும் கொடுத்துப் பாருங்கள். ஆண்டை முழுதாக எழுத மறக்காதீர்கள். 2026க்குப் பதிலாக 26 என்று மட்டும் தட்டினால், கணினி உங்களை கி.பி. 26ஆம் ஆண்டுக்கு அழைத்துப் போய்விடும்!

இத்தனை ஆண்டுகளின் நாள்காட்டிகளையும் அந்தச் சின்ன மென்பொருள் சேமித்து வைத்திருக்கிறதா? இல்லை. அது கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கை நீங்களும் போடலாம்.

ஓர் ஆண்டில் 365 நாள். அதாவது 52 வாரமும் மீதி 1 நாளும். எனவே ஒரு தேதியின் கிழமை ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாள் முன்னே நகரும். இடையில் பிப்ரவரி 29 வந்தால் இன்னொரு நாள் கூடும். 1957 ஆகஸ்ட் 31 சனிக்கிழமை. 2026 ஆகஸ்ட் 31 என்ன கிழமை? இடையில் 69 ஆண்டுகள். 1960 முதல் 2024 வரை 17 லீப் ஆண்டுகள். 69ஐயும் 17ஐயும் கூட்டினால் 86. அதை 7ஆல் வகுத்தால் மீதி 2. சனிக்குப் பின் இரண்டாவது நாள் திங்கள். கருவியிடம் கேட்டுச் சரிபாருங்கள். அதுவும் திங்கள் என்றுதான் சொல்லும்.

லீப் ஆண்டுக்கு ஒரு நுணுக்கம் உண்டு. 4ஆல் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு. ஆனால் 100ஆல் வகுபட்டால் அது லீப் ஆண்டு இல்லை. அதிலும் 400ஆல் வகுபட்டால் மறுபடி லீப் ஆண்டு. அதனால்தான் 2000 லீப் ஆண்டாக இருந்தது. 2100 அப்படி இருக்காது. இந்த விதிப்படி 400 ஆண்டுகளில் 1,46,097 நாள்கள் வரும். அது 7ஆல் மீதியின்றி வகுபடும். ஆகவே 2026இன் நாள்காட்டி அப்படியே 2426இலும் திரும்ப வரும்.

விதி இருந்தால் கணினிக்குப் போதும். ஆனால் அந்த விதியையே மனிதர்கள் நடுவில் மாற்றியிருந்தால்?

காணாமல் போன 11 நாள்

இப்போது மாதத்துக்கு 9, ஆண்டுக்கு 1752 என்று கொடுத்துப் பாருங்கள். திரையில் வருவது இதுதான்:

ஞா தி செ பு வி வெ ச
– – 1 2 14 15 16
17 18 19 20 21 22 23
24 25 26 27 28 29 30

2ஆம் தேதிக்கு அடுத்து 14ஆம் தேதி. முதன்முதலாகப் பார்க்கும் பலரும் மென்பொருளில் கோளாறு என்று நினைப்பார்கள். கோளாறு இல்லை. பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட இடங்களில் அந்த 11 தேதிகள் உண்மையிலேயே வரவில்லை.

ரோமானியர் காலத்து ஜூலியன் நாள்காட்டி ஓர் ஆண்டை 365.25 நாள் என்று வைத்திருந்தது. பருவங்கள் திரும்பி வர ஆகும் காலமோ ஏறக்குறைய 365.2422 நாள். வித்தியாசம் ஆண்டுக்குச் சுமார் 11 நிமிடம்தான். நூற்றாண்டுகள் போகப் போக அது நாள்களாகச் சேர்ந்தது. 1582இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி இதைச் சரிசெய்தார். அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 என்று அறிவித்து 10 தேதிகளை நீக்கினார். 100, 400 விதியும் அப்போது வந்ததுதான். கத்தோலிக்க நாடுகள் சில உடனே ஏற்றன. பிரிட்டன் 170 ஆண்டுகள் கழித்தே ஏற்றது. அதற்குள் வித்தியாசம் 11 நாளாகியிருந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். 2ஆம் தேதி புதன்கிழமை. 14ஆம் தேதி வியாழக்கிழமை. தேதி தாவியது, கிழமை தாவவில்லை.

புதுச்சேரியும் கடலூரும்

இது ஏதோ ஐரோப்பாவின் கதை என்று நினைக்காதீர்கள். நம் முன்னோர்கள் கப்பலேறிய சோழமண்டலக் கடற்கரையிலேயே இந்தக் குழப்பம் இருந்தது.

1740களில் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. அவர்கள் 1582லேயே புதிய நாள்காட்டிக்கு மாறியவர்கள். தரங்கம்பாடி டேனியர்களிடம் இருந்தது. அவர்கள் 1700இல் மாறினார்கள். சென்னையும் கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையும் ஆங்கிலேயர்களிடம் இருந்தன. அவர்கள் இன்னும் பழைய நாள்காட்டியிலேயே இருந்தார்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான். அந்தத் தூரம் நடந்தால் கணக்கேட்டில் தேதி 11 நாள் மாறிவிடும்.

1746இல் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியது. கோட்டை சரணடைந்த நாள் பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 21. ஆங்கிலக் கணக்கில் செப்டம்பர் 10. இரண்டும் ஒரே நாள்தான். 1746 செப்டம்பரைக் கருவியிடம் கேளுங்கள். அது ஆங்கிலேயரின் பழைய கணக்கைக் காட்டும். 10ஆம் தேதி புதன்கிழமை என்று இருக்கும். பிரெஞ்சுக்காரர்களுக்கும் அன்று புதன்கிழமைதான்.

அதே காலத்தில் புதுச்சேரியில் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். ஐரோப்பியத் தேதியோடு தமிழ் ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றையும் அவர் குறித்து வைத்தார். இப்படி இரண்டு கணக்கிலும் எழுதியவரின் நாளைப் பின்னால் வருபவர்கள் குழப்பமின்றிக் கண்டுபிடிக்கலாம்.

நம் கருவி 1752ஐ மட்டும் ஏன் காட்டுகிறது? ஆங்கிலம் பேசும் நாட்டில் அதை உருவாக்கியவர்கள் தங்கள் நாட்டு வரலாற்றை எழுதி வைத்தார்கள். அவ்வளவுதான். அதன் தம்பியான 'என்கேல்' எந்த நாடு எப்போது மாறியது என்று ஒரு பட்டியலையே வைத்திருக்கிறது. அதில் பெரும்பாலும் ஐரோப்பிய நாடுகள்தான். மலேசியாவும் இந்தியாவும் அதில் இல்லை. கணினியில் இருக்கும் நாள்காட்டியும் யாரோ ஒருவர் ஓர் ஊரில் உட்கார்ந்து எழுதியதுதான் என்பதை இது காட்டுகிறது.

தீபாவளி எப்படித் தாவுகிறது?

சரி, இந்தக் கருவியிடம் தீபாவளி எப்போது என்று கேட்டால்? பதில் வராது. அதற்குச் சூரிய ஆண்டு மட்டுமே தெரியும். தீபாவளிக்குச் சந்திரனும் வேண்டும். ஆனால் கருவியைத் துணையாக வைத்துக்கொண்டு நாமே ஒரு சோதனை செய்யலாம்.

மலேசியாவில் தீபாவளி வரும் நாள்கள் இவை: 2023 நவம்பர் 12, 2024 அக்டோபர் 31, 2025 அக்டோபர் 20, 2026 நவம்பர் 8.

ஒவ்வொரு தீபாவளிக்கும் அடுத்த தீபாவளிக்கும் இடையே எத்தனை நாள் என்று திரையில் எண்ணிப் பாருங்கள். 2023இலிருந்து 2024 வரை 354 நாள். அடுத்தும் 354 நாள். 2025இலிருந்து 2026 வரை 384 நாள்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை சராசரியாக 29.53 நாள். அதை 12ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 354. 13ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 384. ஆக, இரண்டு முறை 12 சந்திர மாதங்கள் கடந்தன. மூன்றாம் முறை 13 மாதங்கள். 12 சந்திர மாதங்கள் சூரிய ஆண்டைவிட 11 நாள் குறைவு. அப்படியே விட்டுவிட்டால் தீபாவளி ஒவ்வோர் ஆண்டும் முன்னே முன்னே வந்து, ஒரு நாள் ஆடி மாதத்துக்குள்ளும் நுழைந்துவிடும். அப்படி நடக்காமல் தமிழ் மாதம் பிடித்து நிறுத்துகிறது. ஐப்பசி மாதத் தேய்பிறைச் சதுர்த்தசிதான் தீபாவளி. ஐப்பசி என்பது சூரியனை வைத்து வரும் மாதம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சதுர்த்தசி போன்ற திதி ஒவ்வொன்றும் சராசரியாக 23 மணி 37 நிமிடம் நீடிக்கும். அது நள்ளிரவில் தொடங்கி நள்ளிரவில் முடிவதில்லை. ஒரு நாளின் நடுவே தொடங்கி, மறுநாளின் நடுவே முடியலாம். அதிகாலையில் எந்தத் திதி இருக்கிறது என்று பார்த்துத்தான் தீபாவளி நாள் முடிவாகிறது. ஊருக்கு ஊர் சூரியன் உதிக்கும் நேரம் மாறும். கணக்கிடும் முறையிலும் வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என்று இரண்டு உண்டு. எனவே சில விழாக்கள் இரண்டு ஊர்களில் இரண்டு நாள்களில் வருவது தவறு அல்ல.

சந்திரனைச் சேர்த்துக் கணக்கிடும் மென்பொருள்களும் இருக்கின்றன. ஈஸ்டர் திருநாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் சந்திரனை வைத்து வருவதுதான். ஆனால் தேவாலயங்கள் வானத்துச் சந்திரனைப் பார்க்காமல், அட்டவணையில் கணக்கிட்ட சந்திரனை வைத்து நாளை முடிவு செய்கின்றன. அதனால் எந்த ஆண்டுக்கும் கணினி உடனே விடை சொல்லும். 'என்கேல்' என்று தட்டி, இடம் விட்டு, கழித்தல் குறியும் 'இ' எழுத்தும் சேர்த்து, மறுபடி இடம் விட்டு 2026 என்று எழுதினால் ஏப்ரல் 5 என்று வரும்.

மே 3 அல்ல, மே 2

எல்லா நாளையும் இப்படிக் கணக்கிட்டுவிட முடியுமா? 2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அச்சிட்ட நாள்காட்டிகளில் நோன்புப் பெருநாள் மே 3, செவ்வாய்க்கிழமை என்று இருந்தது. மே 1ஆம் தேதி இரவு, அரச முத்திரைக் காப்பாளர் தொலைக்காட்சியில் தோன்றி, பெருநாள் மறுநாளே என்று அறிவித்தார். எத்தனையோ வீடுகளில் அந்த இரவு சமையல் அவசர அவசரமாக நடந்தது.

நாள்காட்டி அச்சிட்டவர்கள் கணக்கில் தவறு செய்தார்களா? அப்படிச் சொல்ல முடியாது. மே 1 மாலை சூரியன் மறைந்தபோது, அமாவாசை கடந்து ஏறக்குறைய 15 மணி நேரம்தான் ஆகியிருந்தது. அவ்வளவு இளம்பிறை கண்ணுக்குத் தெரியுமா, தெரியாதா என்பது விளிம்பு நிலை. சூரியனும் சந்திரனும் வானில் எங்கே இருக்கும் என்பதைக் கணினி துல்லியமாகச் சொல்லும். பிறை தென்படுமா என்பதை வானத்தைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். பார்த்து, அறிவித்த பிறகுதான் அது பெருநாள்.

விடுமுறைகளில் இன்னொரு வகையும் உண்டு. பகாங்கில் ஜூலை 30 சுல்தானின் பிறந்தநாள் விடுமுறை. மே 22 ஹோல் தினம். 2019க்கு முன்பு இவை முறையே அக்டோபர் 24, மே 7 ஆக இருந்தன. அந்த ஆண்டில் புதிய சுல்தான் அரியணை ஏறினார். முந்தைய சுல்தான் காலமானார். விடுமுறை நாள்களும் மாறின. எந்த வானியல் கணக்கும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

உங்கள் ஊருக்கு ஒரு கோப்பு

இனி உங்கள் வேலை. யூனிக்ஸ் குடும்பத்தில் 'கேலண்டர்' என்று முழுப் பெயரிலேயே இன்னொரு கருவி உண்டு. அதே பெயரில் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பை நீங்கள் உருவாக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் முதலில் மாதம், சாய்கோடு, நாள். பிறகு 'டேப்' விசை. பிறகு செய்தி. இப்படி:

05/22 ஹோல் தினம், பகாங் மட்டும்
07/30 பகாங் சுல்தான் பிறந்தநாள்
08/31 தேசிய தினம்
09/16 மலேசிய தினம்
11/08 தீபாவளி, 2026க்கு மட்டும்

பிறகு அந்தக் கட்டளையைத் தட்டினால், இன்றும் நாளையும் வரும் நாள்களை அது நினைவூட்டும். வெள்ளிக்கிழமை தட்டினால் திங்கள் வரை சொல்லும்.

கடைசி வரியில் '2026க்கு மட்டும்' என்று ஏன் எழுதினோம்? மாதமும் நாளும் மட்டும் எழுதினால், இந்தக் கருவி ஆண்டைப் பார்க்காது. 2027லும் நவம்பர் 8 தீபாவளி என்றே சொல்லும். அதை நம்பி ஊருக்குப் பேருந்துச் சீட்டு வாங்கினால் ஏமாற வேண்டியதுதான். ஈஸ்டர் போல ஆண்டுக்கு ஆண்டு மாறும் நாளைக் கருவியே கணக்கிட்டுக் காட்டும்போது, தேதியின் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இடும். 'இந்தத் தேதி நிலையானது அல்ல' என்பதற்கு அடையாளம் அது. கருவியால் கணக்கிட முடியாத நாள்களுக்கு அந்த எச்சரிக்கையை நீங்கள்தான் எழுதி வைக்க வேண்டும்.

எழுதத் தொடங்குமுன் ஒவ்வொரு விடுமுறைக்கும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது: இது எதை வைத்து வருகிறது? தேசிய தினம் போல நிலையான தேதியா? ஜூன் முதல் திங்களில் வரும் பேரரசர் பிறந்தநாள் போலக் கிழமையா? தீபாவளி போலச் சந்திரக் கணக்கா? நோன்புப் பெருநாள் போல அறிவிப்பா?

இரண்டாவது: இது எந்த மாநிலத்துக்கு? தைப்பூசம் என்று மட்டும் எழுதாமல், பேராவுக்கு உண்டு, பகாங்குக்கு இல்லை என்றும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமையில் விழும் விடுமுறைக்குத் திங்கட்கிழமை மாற்று விடுமுறை கிடைக்குமா என்பதும் மாநிலத்தின் வார விடுமுறையைப் பொறுத்தது. 2026 தீபாவளி ஞாயிற்றுக்கிழமை. பகாங்கில் மறுநாள் திங்கட்கிழமையும் விடுமுறை.

மூன்றாவது: இந்தத் தேதியை யார் சொன்னது, எப்போது சொன்னது? பிரதமர் துறை ஆண்டுதோறும் பொது விடுமுறைப் பட்டியலை வெளியிடுகிறது. அதைப் பார்த்து எழுதியதா, பழைய கோப்பிலிருந்து நகலெடுத்ததா?

ஒரு பயிற்சியோடு முடிப்போம். 2026 நவம்பர் 8உடன் 354 நாளைக் கூட்டிப் பாருங்கள். கருவியின் திரையில் மாதம் மாதமாக எண்ணினால் 2027 அக்டோபர் 28 வரும். அதை ஒரு தாளில் எழுதி, கீழே 'கணக்கிட்டது' என்றும் குறித்து வையுங்கள். 2027க்கான அரசாங்கப் பட்டியலை எடுத்து, உங்கள் விடையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தினால் 'கணக்கிட்டது' என்பதை அடித்துவிட்டு 'அறிவிக்கப்பட்டது' என்று எழுதலாம். பொருந்தாவிட்டால் எந்த இடத்தில் வேறுபட்டது என்று தேடிப் பாருங்கள். அப்படித் தேடுவதும் அறிவியல்தான்.